உருட்டக்காவின் மடக்குச் சக்கரம்

ஒரு பட்டறைக்குள் நுழைந்ததும் உருட்டக்கா முதலில் மேசையைத்தான் இடுப்பால் ஒரு முட்டு முட்டுவார். முதலாளிக்கு வணக்கம், ஆட்களிடம் நலம் விசாரிப்பு எல்லாம் அதற்கப்புறம்தான். மேசை அசையவில்லை என்றால் "ம்ம்" என்பார். அந்த 'ம்ம்'மில் பாதி திருப்தி, பாதி கோபம். கனமான மேசை அசையாமல் நிற்பதில் அவருக்கு ஆட்சேபணை கிடையாது. நிற்பதுதானே அதன் வேலை? ஆனால் அது நிற்கிற இடத்தைச் சுற்றி மனிதர்கள் எப்படி உடம்பை வளைத்து நெளித்துப் போய்வருகிறார்கள் என்று அடுத்ததாகப் பார்ப்பார். நீளப் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, வயிற்றை எக்கிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கிற ஒருவரைக் கண்டால் போதும். அக்காவின் மூக்கு நுனி சிவந்துவிடும்.

"ஏன் சார், மேசைக்காக ஆளு நகரணுமா, ஆளுக்காக மேசை நகரணுமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க."

முதலாளிகள் இதற்கு வைத்திருக்கும் பதில் எங்கே போனாலும் ஒன்றுதான். "அது ரொம்ப நாளா அங்கேயேதாம்மா கிடக்கு."

"நீங்களும்தான் ரொம்ப நாளா இங்கேயே இருக்கீங்க. வீட்டுக்குப் போறதில்லையா?"

வயது ஐம்பதைத் தொடப்போகிறது. குள்ளமான உடம்பு, அகலமான தோள். கணவரின் பழைய முழுக்கைச் சட்டைதான் வேலை உடுப்பு. வெல்டிங் பொறி பட்டுப் பட்டு அதன் கைகள் சல்லடை ஆகிவிட்டன. கொண்டையில் பென்சில் செருகியிருக்கும். நடக்கும்போது கண் தரையைவிட்டு எழாது. ஆணி, திருகு, இரும்புச் சுருள், எது கிடந்தாலும் குனிந்து பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "சின்ன ஆணிதானேன்னு நினைப்பீங்க. சக்கரத்துக்கு அது மலை. அதுல முட்டிக்கிச்சுன்னா மேசை அடம்பிடிச்சு நின்னுடும்." சாயங்காலம் ஆவதற்குள் இரண்டு பைகளும் கனத்து, நடக்கிற நடைக்கெல்லாம் கலகலக்கும். அக்கா வருவதை ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

தொழில் இதுதான்: கனமான பட்டறை மேசைகளுக்கு மடக்குச் சக்கரம் போடுவது. சூட்சுமம் கேட்பதற்கு எளிது. மேசையின் இரண்டு முனையிலும், கால்களுக்கு நடுவே, கீல் வைத்த ஓர் இரும்புச் சட்டம். அதில் ஜோடிச் சக்கரம். சட்டத்திலிருந்து ஒரு மிதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தால் சக்கரங்கள் தரையில் ஊன்றிக்கொள்ளும். மேசையின் கால்கள் விரல்கடை உயரத்துக்கு எழும்பும். ஒரு கொக்கி 'டக்'கென்று விழுந்து அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒரு கையால் தள்ளிக்கொண்டு போகலாம். வேண்டிய இடம் வந்ததும் கொக்கியை ஒரு தட்டு தட்டினால் சக்கரங்கள் மடங்கி மேலே போய்விடும். மேசை தன் சொந்தக் காலில் உட்கார்ந்துவிடும்.

"வேலை செய்றப்போ மலை. நகர்த்துறப்போ காத்து. அவ்வளவுதாங்க நம்ம கதை" என்பார்.

உருட்டக்கா என்ற பெயரை வைத்தது யாரென்று தெரியவில்லை. மேசையை உருட்டுகிறவர் என்ற அர்த்தத்தில்தான் யாரோ ஆரம்பித்திருக்கிறார்கள். இப்போது நிலைமை கெட்டுவிட்டது. வாய் கூசாமல் பொய் சொல்கிறவனைப் பார்த்து "என்ன உருட்டு உருட்டுறான் பாரு" என்று ஊரே சொல்ல ஆரம்பித்த பிறகு, அக்காவின் பெயரைக் கேட்டுப் புது ஆட்கள் சிரிக்கிறார்கள். அவருக்கு அது ஆகாது. "பொய் பேசுறவன் நல்லா சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டு சாருன்னு பேர் வாங்கிட்டுப் போயிடறான். உண்மையிலயே உருட்டுற எனக்குக் கெட்ட பேரு!"

கோபம் அவருக்குப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. கணவர் அந்தக் கட்சி. அக்காவை அக்கா என்று கூப்பிடுகிற பட்டறை ஆட்கள் அவரை மாமா என்று கூப்பிடுகிறார்கள். சாமான் ஏற்றுகிற சின்ன வேன் ஓட்டுவதும், மேசைக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குவதும், கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதும் மாமாவின் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார். பேசினால் அது பெரும்பாலும் "சரி விடு" என்ற இரண்டு வார்த்தையாக இருக்கும்.

"எதை விடச் சொல்றீங்க? எதையெல்லாம்தான் விடறது? நீங்க விட்டு விட்டுத்தான் வேன்ல பின்கண்ணாடியே இல்லாமப் போச்சு!"

"சரி விடு."

வீட்டில் அவர் படும் பாடு தனி. கட்டில், அலமாரி, சமையல் மேடை, துணி துவைக்கிற மெஷின் எல்லாவற்றுக்கும் அக்கா மிதி வைத்துவிட்டார். தரை கழுவ வேண்டும் என்று தோன்றினால் மொத்த வீடும் ஊர்வலம் கிளம்பிவிடும். ஒருமுறை மாமா வெளியே போய்விட்டு வந்து, விளக்குக்கூடப் போடாமல், வழக்கமான இடத்தில் கட்டில் இருக்கிறதென்று நம்பி அப்படியே சாய்ந்தார். கட்டில் ஜன்னலோரம் போயிருந்தது. விழுந்த இடத்திலிருந்து அவர் சொன்னது: "ஏய், எங்கே வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அக்காவின் கோபத்துக்கு ஆதாரமான வாக்கியம் ஒன்று உண்டு. "ஆளுங்க இருக்காங்கல்ல, தூக்கிடுவாங்க." இதை யார் எங்கே சொன்னாலும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவார்.

"ஆளுங்கன்னா யாரு? ஜாக்கியா? இன்னைக்குத் தூக்கிடுவான். நாளைக்கும் தூக்கிடுவான். ஒருநாள் காலையில எழுந்திரிக்க முடியாம பொண்டாட்டியைக் கூப்பிட்டுத் தன்னைத் தூக்கச் சொல்வான். அன்னைக்கு உங்க பட்டறையில இருந்து யாரு போய்த் தூக்குவீங்க?"

மேசையின் எடையை எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். தேக்கு, இரும்பு, இரண்டு முனையிலும் மரத்தை இறுக்குகிற பிடிக்கருவி என்று வாய் ஓயாது. அதைத் தூக்கியவனின் எடை குறைந்துகொண்டே போவதை யாரும் சொல்ல மாட்டார்கள். மேசையை நகர்த்துவதும் ஒரு வேலை, அதற்கும் உடம்பு செலவாகிறது என்பதை மனிதர்களின் மண்டையில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது என்பார்.

இரண்டாவது கோபம், மடங்காத சக்கரத்தின் மேல். "அதெல்லாம் எதுக்கு, நாலு காலுக்கும் நாலு சாதா வீல் மாட்டி பிரேக் வச்சுக் கொடுங்க" என்று கேட்பவர்கள் அடிக்கடி வருவார்கள். அப்படிக் கேட்பவர் அக்கா முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அக்கா கதை சொல்வார். எப்போது சொன்னாலும் நேற்று நடந்த மாதிரி சொல்வார்.

அப்போது அவர் இரும்பு கேட் செய்கிற ஒரு கடையில் வெல்டராக இருந்தார். பக்கத்தில் வெட்டு மெஷினில் அவருடைய சிநேகிதி. மெஷின் உட்கார்ந்திருந்த மேசைக்குச் சாதா சக்கரம். ஒவ்வொன்றிலும் காலால் அழுத்துகிற பிரேக். பிரேக் தேய்ந்து போயிருந்தது. எல்லாருக்கும் தெரியும். தேய்ந்திருக்கிறது என்று சொல்லியும் ஆயிற்று. ஒரு நாள் காலையில் நீளமான குழாயை மெஷினுக்குள் தள்ளும்போது, குழாய் போவதற்குப் பதிலாக மேசை போய்விட்டது. ஒரு சாண்தான். கை முன்னால் வழுக்கி, இடது கையில் இரண்டு விரல்.

"கைல துணியைச் சுத்திக்கிட்டு, முகம் வெள்ளை வெளேர்னு ஆகி நிக்கிறா. முதலாளி ஓடி வர்றான். நான்கூட வண்டி எடுக்கத்தான் ஓடி வர்றான்னு நினைச்சேன். வந்து நின்னு கேக்குறான், 'பிரேக் போட்டியா, போடலையா?' மொதக் கேள்வி அதுதான்! தேஞ்சுபோனதை மாத்தினியாடான்னு அவனை யாரு கேக்கிறது?"

அக்கா கேட்டுவிட்டார். அதோடு அந்த வேலை முடிந்தது.

வேலை இல்லாமல் வீட்டில் குமைந்துகொண்டிருந்த ஒரு நாள், வாசலில் மாமா மோட்டார் பைக்கை ஸ்டாண்ட் போட்டார். குதிகாலால் ஓர் அழுத்து. அவ்வளவு கனமான வண்டி எம்பிப் பின்னால் ஏறி, சக்கரம் தரையை விட்டுவிட்டு, கல்லு மாதிரி நின்றது. அக்கா எழுந்து போய் வண்டியை ஆட்டிப் பார்த்தார். இறக்கச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். சாப்பாடு ஆறுகிற வரைக்கும் மாமா வாசலில் ஸ்டாண்ட் போடுவதும் எடுப்பதுமாக நின்றார். ஓடும்போது சக்கரம், நிற்கும்போது கால். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடக்கூடாது. இந்தச் சாதாரண விஷயத்தை ஏன் மேசைக்கு யாரும் செய்யவில்லை என்று அன்றைக்கு அவர் பட்ட ஆத்திரத்தில்தான் முதல் மிதி உருவாயிற்று.

செய்திருக்கிறார்கள், கடையில் பெட்டியில் போட்டே விற்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தபோது, ஒன்றை வாங்கி வந்து பிரித்துப் பார்த்தார். "இது பூ வைக்கிற மேசைக்கு" என்று மூடி வைத்துவிட்டார்.

இந்த அக்காவிடம்தான் ஒரு நாள் தங்கம் முதலாளி வந்து சேர்ந்தார்.

அவர் கதவு, ஜன்னல் செய்கிற பட்டறை வைத்திருப்பவர். யாரைக் கூப்பிட்டாலும் தங்கம் என்றுதான் கூப்பிடுவார். ஆசாரியும் தங்கம், லாரி டிரைவரும் தங்கம், பட்டறை நாயும் தங்கம். போனில் அவர் பேசியதைக் கேட்டு அக்கா அசந்துபோனார்.

"ஒரே ஒரு மேசைதான் தங்கம். ஆனா ரொம்ப கனம். பொம்பளைங்க தள்ளினாலே நகரணும். சட்டுனு நகரணும். முடியுமா?"

போனை வைத்துவிட்டு மாமாவைத் தேடிப் போய்ச் சொன்னார். "இதுவரைக்கும் ஒருத்தன்கூட இப்படிக் கேட்டதில்லைங்க. பொம்பளைங்க தள்ளினா நகரணுமாம்! மனுஷன்னா இவரு மனுஷன்."

மாமா வேனுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

பட்டறை நீளமான கொட்டகை. தெருப்பக்கம் வாசல், அதை ஒட்டி அறுப்பு மெஷின்கள், மரத்தூள், காது கிழியும் சத்தம். நடுவில் தச்சு வேலை. கடைசியில், மூன்று பக்கமும் சுவர் அடைத்த இடத்தில், பாலிஷ் போடுகிற பெண்கள். வார்னிஷ் டப்பாக்களும் தின்னர் கேன்களும் சுவரோரம் அடுக்கியிருந்தன. உள்ளே போனதும் கண் எரிந்தது. பின்சுவரில் ஒரு கதவு. அந்தக் கதவுக்குக் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, அணை கட்டினாற்போல் நின்றது மேசை.

அக்கா இடுப்பால் முட்டினார். மேசை கண்டுகொள்ளவே இல்லை.

"இனிமே இந்தக் கதவு திறக்குமாக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மூக்கை மறைத்துத் துணி கட்டிய, உயரமான பெண். அந்தப் பட்டறை மேஸ்திரியின் மனைவி. வருஷக்கணக்காய் அந்தக் காற்றைக் குடித்ததில் குரல் கரகரத்துப் போயிருந்தது.

"ஏன், இப்போ திறக்காதா?"

"உள்பக்கமா திறக்கிற கதவுக்கா. மேசை முட்டிக்கிட்டு நிக்குதே, எப்படித் திறக்கும்?"

"யாரு இங்கே கொண்டுவந்து வச்சது?"

"முதலாளி வைக்கச் சொன்னாருக்கா. நாங்க காத்து வாங்க வெளியே போய் நிக்கிறோமாம். வேலை கெடுதாம். அவசரம்னா முன்வாசல் இருக்கே தங்கம்னாரு."

முன்வாசலுக்குப் போக வேண்டுமானால் மரத்தூளையும் மெஷின்களையும் தாண்டிக் கொட்டகை முழுவதையும் நடக்க வேண்டும். அக்கா தின்னர் கேன்களைப் பார்த்தார். முன்வாசலைப் பார்த்தார். பார்த்தவர், தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். முதலாளிக்கு இப்போதாவது புத்தி வந்திருக்கிறது. அதனால்தானே நம்மைக் கூப்பிட்டார். வந்த புத்தியைக் குற்றம் சொல்லக் கூடாது.

அன்றைக்கு அவர் பாட்டுப் பாடாத குறையாக வேலை செய்தார். மாமா ஜாக்கி வைத்து மேசையின் ஒரு முனையை எழுப்ப, அக்கா மல்லாந்து படுத்து உள்ளே போய்ச் சட்டத்தைப் பொருத்தினார். பெரிய சக்கரமாகத் தேர்ந்தெடுத்துப் போட்டார், வழியில் மரச்சீவல் கிடந்தாலும் ஏறிப் போகட்டும் என்று. தின்னர் இருக்கும் இடத்தில் பொறி பறக்கக் கூடாது என்பதால் வெல்டிங்கை எல்லாம் வெளியே தெருவில் வைத்து முடித்து, உள்ளே போல்ட் மட்டும் முடுக்கினார். மிதியை மேஸ்திரி மனைவியின் காலுக்கு எட்டுகிற மாதிரி வைத்து, அவரையே மிதித்துப் பார்க்கச் சொல்லி, கடினமாக இருக்கிறதென்று அவர் சொன்னதும் மிதித் தண்டை வெளியே கொண்டுபோய் இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு வந்தார்.

"இப்போ மிதி."

டக். மேசை மூச்சு வாங்கினாற்போல் எழுந்தது.

"தள்ளு. ஒரு கை போதும்."

மேஸ்திரி மனைவி ஒரு கையை வைத்தார். மேசை நகர்ந்தது. ஊர்ந்து, திரும்பி, அவர் சொன்னபடி கேட்டுக்கொண்டு பக்கச் சுவரோரம் போய் நின்றது. பெண்களில் ஒருத்தி ஓடிப்போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளைச் சுத்தியலால் தட்டித் தட்டி இழுத்தாள். துருவை உதிர்த்துக்கொண்டு கதவு திறந்தது. சந்திலிருந்து வெளிச்சமும் காற்றும் ஒன்றாக உள்ளே நுழைந்தன. பெண்கள் முகத்துத் துணியை இறக்கிவிட்டு வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். யாரோ காரணமே இல்லாமல் சிரித்தார்கள். மற்றவர்களும் சிரித்தார்கள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தின்னர் நெடி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் முதலாளி வந்தார். வந்து, பார்த்து, கைதட்டினார்.

"பிரமாதம் தங்கம்! பூப்போல போகுதே! சரி, சரி, பார்த்தாச்சு. இப்போ அதைப் பழைய இடத்துலயே விட்டுடுங்க."

அக்காவுக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "எந்த இடத்துல?"

"அதான், கதவுகிட்ட. அடுத்த வாரம் ஃபயர் ஆபீஸ்ல இருந்து செக்கிங் வர்றாங்க தங்கம். வழி திறந்திருக்கா, கதவு திறக்குதான்னு பார்ப்பாங்க. போன தடவை இந்த மேசையைப் பார்த்துட்டு ஒரே கத்து. இனிமே கவலையே இல்லை. தெருமுனையில வண்டி வர்றப்போ ஒரு மிதி, ஒரு தள்ளு. அவங்க போனதும் ஒரு தள்ளு. முடிஞ்சுது."

கொட்டகையில் ஒரு மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதையும் நிறுத்தினார்கள்.

"அப்போ தீப்பிடிச்சா?" என்று கேட்டார் அக்கா. அவர் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. மாமா திரும்பிப் பார்த்தார்.

"ஏன் தங்கம் அபசகுனமா? பிடிக்காது. பிடிச்சாலும்தான் என்ன? அதான் நீங்க வீல் போட்டிருக்கீங்களே, தள்ளிட்டுப் போயிட்டே இருக்கட்டும்!"

"புகையில மிதி எங்கே இருக்குன்னு தேடுவாங்களா? மேசை மேல கதவு வச்சு இறுக்கியிருந்தா அதை அவுத்துட்டுத் தள்ளுவாங்களா? கண்ணு தெரியாம முட்டி மோதி ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்களே, அப்போ அந்தக் கொக்கியை யாரு தட்டுவா? நீங்க வந்து தட்டுவீங்களா? நீங்க முன்வாசல் பக்கத்து ரூம்லதானே உட்கார்ந்திருப்பீங்க!"

"கோபப்படாதீங்க தங்கம்..."

"என்னைத் தங்கம்னு கூப்பிடாதீங்க! என்னை உருட்டக்கான்னு கூப்பிடுறாங்க. நான் மேசையைத்தான் சார் உருட்டுவேன். ஆளுங்க உயிரை வச்சு உருட்டமாட்டேன்."

முதலாளிக்கு முகம் கறுத்தது. சுற்றி நின்ற ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். அக்கா அவர்களையும் விடவில்லை. மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

"இதைத் தூக்கிக் கதவுல கொண்டுவந்து போட்டது யாருண்ணே? நீங்கதானே? உள்ளே நிக்கிறது உங்க வீட்டம்மாதானே? பொண்டாட்டியை உள்ளே விட்டுட்டுக் கதவை அடைக்க உங்களுக்கு எப்படிண்ணே கை வந்துச்சு?"

மேஸ்திரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி இவர் பக்கம் பார்க்கவே இல்லை. திறந்திருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அக்காவின் கோபத்தில் மிச்சம் இருந்த பெரும்பங்கு தன் மேலேயே திரும்பியிருந்தது. அதை மாமா ஒருவர்தான் புரிந்துகொண்டார். பிறகு வேனில் போகும்போது அக்கா அதைச் சொல்லவும் செய்தார். "நகராத மேசையா இருந்தவரைக்கும் அது உண்மையைச் சொல்லிக்கிட்டு நின்னுச்சுங்க. வர்றவன் போறவன் எல்லாம் பார்த்தான், கத்தினான். நான் போய் அதுக்குச் சக்கரம் போட்டு, பொய் சொல்லக் கத்துக்கொடுத்துட்டேனே!"

அங்கே கொட்டகையில் அவர் அவ்வளவு பேசவில்லை. மேசை பக்கச் சுவரோரம் நின்றிருந்த இடத்திலேயே கொக்கியைக் காலால் ஒரு தட்டு தட்டினார். மேசை தொம்மென்று தரையில் உட்கார்ந்தது. குனிந்து உள்ளே போனவர், ஸ்பேனருக்காகப் பின்னால் கையை நீட்டுவதற்குள் அது கையில் வந்து உட்கார்ந்தது. மாமா விடச் சொல்லவில்லை. ஜாக்கியை எடுத்து வந்து தானே மறு முனையில் வைத்தார்.

"என்ன பண்றீங்க?" என்றார் முதலாளி.

"கழட்டுறோம்" என்றார் மாமா.

"பேசின கூலி பேசினபடி..."

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் சார். எங்க சக்கரம் எங்களுக்குப் போதும்."

போட்டதைவிடச் சீக்கிரமாகக் கழற்றினார்கள். சட்டம், சக்கரம், மிதி எல்லாம் வேனுக்குப் போயின. மேசை சுவரோரம் மலையாக நின்றது. பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

முதலாளி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு கத்தினார். "ஆளுங்க இருக்கீங்கல்ல? தூக்குங்கடா! பழைய இடத்துல போடுங்க!"

யாரும் அசையவில்லை. எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி மேசையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இந்தத் தடவை மனைவியும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி இறங்கிய முகத்தில், பல்லைக் கடித்த தாடை தெரிந்தது. மேஸ்திரி மெதுவாக ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"முதுகு பிடிச்சுக்கிச்சுண்ணே."

"எப்போய்யா பிடிச்சுது?"

"இப்போதாண்ணே."

அடுத்தவருக்குத் தோள்பட்டை. அதற்கடுத்தவருக்குக் குடலிறக்கம், டாக்டர் தண்ணிக் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். அறுப்பு மெஷின்காரர் தனக்கு என்ன நோய் சொல்வதென்று சட்டென்று தோன்றாமல், பொதுவாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முதலாளி தானே போய் மேசையின் விளிம்பைப் பிடித்து ஒரு முக்கு முக்கினார். செருப்பு மட்டும் பின்னால் வழுக்கியது.

வேன் ஏறும்வரை அக்கா சிரிக்கவில்லை. ஏறிய பிறகும் சிரிக்கவில்லை. நெஞ்சைப் பிடித்தவரை நினைத்து மாமாதான் தெருமுனை திரும்பும்போது குலுங்கினார்.

செக்கிங் வந்தது. வந்தவர்கள் பின்கதவைத் திறந்து பார்த்தார்கள், மூடிப் பார்த்தார்கள், ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள் என்று முதலாளியின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். போனில் மேஸ்திரி மனைவி சொல்லித்தான் இது தெரிந்தது. அன்று முழுக்க அக்கா கொதித்தார். "பாராட்டு அவனுக்கு! முதுகு பிடிச்சதெல்லாம் இவங்களுக்கு, கைகுலுக்கல் அவனுக்கு!"

அந்த முதலாளியும் சும்மா இருக்கவில்லை. போட்ட சாமானைக் கழற்றிக்கொண்டு போகிற பொம்பளை என்று தெரிந்த பட்டறைகளில் எல்லாம் சொல்லிவைத்தார். சில பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அக்கா அதற்காக யார் வாசலிலும் போய் விளக்கம் சொல்லவில்லை. ஆனால் இப்போது புது வேலைக்குக் கூப்பிட்டால், மேசை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. எங்கேயிருந்து நகரணும், எதுக்கு நகரணும், நகர்ந்த பிறகு அந்த இடத்தில் என்ன வரும் என்று குடைகிறார். போலீஸ் விசாரணை தோற்றுவிடும் என்று முனகிக்கொண்டே பதில் சொல்கிறார்கள். பதில் பிடிக்காவிட்டால் போனை மாமாவிடம் கொடுத்துவிடுகிறார். மாமா, "வேன் ரிப்பேருங்க" என்கிறார்.

தங்கம் முதலாளி வேறு யாரையாவது பிடித்துச் சக்கரம் போட்டிருக்க மாட்டார் என்பது என்ன நிச்சயம்? மேஸ்திரியின் முதுகு எத்தனை நாளைக்குப் பிடித்துக்கொண்டிருக்கும்? அந்தச் சந்தேகம் அக்காவுக்குப் போகவே இல்லை. அந்தப் பக்கம் எந்த வேலைக்குப் போனாலும் மாமாவைப் பெரிய தெருவில் போக விடுவதில்லை. குப்பைத் தொட்டிகளும் உடைந்த ஜன்னல் சட்டங்களும் கிடக்கிற அந்தப் பின்சந்துக்குள் வேனை விடச் சொல்கிறார். இரண்டு பக்கமும் சுவர் உரசுகிறது என்று மாமா புலம்புகிறார்.

பட்டறையின் பின்கதவுக்கு நேராக வந்ததும் வேன் நிற்கிறது. அக்கா இறங்குகிறார். கதவு தாழ் போடாமல் சாத்தியிருக்கிறது. தட்டுவதில்லை, கூப்பிடுவதில்லை. உள்ளங்கையைக் கதவில் வைத்து, முழங்கையை மடக்காமல், எதுவும் வந்து முட்டுகிறதா என்று பார்த்தபடி மெதுவாக உள்ளே தள்ளுகிறார்; உள்சுவரில் போய் அது மோதுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் தள்ளுகிறார்.